சீட்டுக்குப் பின்னாடி வச்ச அடுப்பு

அடுத்தவங்க குடும்பத்தை லாரியில ஏத்தி எறக்குறதுதான் நம்ம தொழிலு. ஏத்துறது சுளுவு, எறக்குறதும் சுளுவு. நடுவுல அந்தக் குடும்பமும் கூடவே வருது பாருங்க, அங்கதான் நமக்கு ஆயுசு கொறையுது.

வீடு மாத்துனவங்களுக்கு நான் புதுசா சொல்ல ஒண்ணுமில்ல. பல்லு வெளக்குற பிரஷ்ஷை எந்தப் பொட்டியில போட்டோம்னு தெரியாம வெரல்ல வெளக்குன ஆளுங்கதான நீங்களும். என்னா, உங்களுக்கு அந்தக் கூத்து எப்பவோ ஒரு தடவ. எனக்கு அதுலதான் சோறு.

வந்தவாசிப் பக்கத்துலேருந்து செகந்திராபாத் வந்து, கிளீனரா ஏறி, டிரைவராகி, அப்புறம் சொந்தமா ஒரு டிசிஎம் எடுத்தேன். மினி லாரியை இந்த ஊருல அப்படித்தான் சொல்லுவாங்க. ஐடி கம்பெனிங்க காளான் மாதிரி மொளைச்ச நேரம் அது. காலையில வேலைக்குச் சேர்ந்தவன் சாயங்காலம் கொண்டாபூர்ல வீடு பாத்துக்கிட்டு நிப்பான். லாரி டயரு சூடு ஆறுறதுக்கே நேரம் கெடையாது.

அந்த வருசம் அந்தக் கூத்து எனக்கே வந்துச்சு. மல்லாபூர்ல நாங்க குடியிருந்த வீட்டை ஓனரு பில்டர்கிட்ட கொடுத்துட்டாரு. இடிச்சிட்டு அபார்ட்மென்ட் கட்டணுமாம். நானும் ஹப்சிகுடாவுல ஒரு மாடி வீடு பேசி முடிச்சேன். கீழ் வீட்டுல வீட்டுக்காரம்மா அனசூயம்மா, ரிட்டையரான டீச்சரு, தெலுங்குக்காரங்க. வர்ற அமாவாசையோட அவங்க ஆஷாட மாசம் பொறக்குது, அதுல யாரும் குடி வரக் கூடாது, அமாவாசைக்கு முன்னாடி புருஷன் பொண்டாட்டியா வந்து பால் பொங்க வச்சிட்டா சாமான் எப்ப வேணா வரட்டும்னு சொல்லிட்டாங்க.

சரி, ஆஷாடம் முடிஞ்சு போவலாம்னா, அதுக்குள்ள நம்ம ஆடி பொறந்துரும். அவங்களுக்கு அமாவாசைக்கு அமாவாசை மாசம், நமக்கு வேற கணக்கு. அவங்கது முடிஞ்சாலும் நம்மது முடியாது. என் பொண்டாட்டி செல்வி ஆடியில ஒரு கொடத்தைக் கூட எடம் மாத்தி வைக்க மாட்டா. ஆனியும் ஆகாதுன்னு மாமியாரு ஊருலேருந்து போன் போட்டுச்சு. லைன் சரியில்லம்மான்னு வச்சிட்டேன். ஆக, இந்த அமாவாசையை விட்டா ஆவணிதான். அதுவரைக்கும் பில்டரு கடப்பாரையைக் கீழ வைக்க மாட்டான். அனசூயம்மாவும் வீட்டைப் பூட்டி வைக்க மாட்டாங்க. அதையும் வாயால சொல்லிட்டாங்க: "கேட்டுட்டுப் போனவங்க ரெண்டு பேரு இருக்காங்க ஆறுமுகம். அமாவாசை உனக்கோசரம் நிக்காது."

நம்மகிட்டயே லாரி இருக்குதேன்னு ஒரு தைரியம் எனக்கு. ஆனா ஊருல இருக்குற எல்லாருக்கும் அதே அமாவாசைதான். காலண்டர்ல எது நல்ல நாளுன்னு தெரியுதோ, அன்னிக்கு என் லாரியில யாரோ ஒருத்தரு பீரோ ஏறி உக்காந்திருக்கும்.

கருவேப்பிலைக்கு ஒரு சீட்டு

மொத நல்ல நாளு ஒரு தமிழ் ஆபீசருக்குப் போச்சு. கவர்மென்ட் கம்பெனியில ரிட்டையராயி குவாட்டர்ஸைக் காலி பண்றாரு. தார்நாகாவுல மூணாவது மாடியில சொந்த பிளாட்டு. சாமானெல்லாம் ஏத்தி முடிச்சிட்டுப் பாத்தா, மனுசன் கொல்லையில மம்முட்டியோட நிக்கிறாரு. ஆளுசரத்துக்கு ஒரு கருவேப்பில மரம். அதை வேரோட பேத்து கோணியில கட்டி வச்சிருக்காரு. "இதை நான்தான் வச்சேன், கம்பெனிக்கு விட்டுட்டுப் போவ முடியாது"ங்கிறாரு. மூணாவது மாடியில எங்க சார் நடுவீங்கன்னு கேட்டேன். அது அப்புறம்னுட்டாரு. மரத்தை நிமித்தி, பீரோவோட சேத்துக் கட்டி, மாரியாத்தா தேரு மாதிரி கெளம்பினோம்.

நாச்சாரம் சிக்னல்ல ஒரு சிட்டி பஸ்ஸு பக்கத்துல வந்து நின்னுச்சு. ஜன்னல்லேருந்து ஒரு கை நீண்டு ஒரு கொத்து ஒடைச்சுச்சு. அடுத்த ஜன்னல்லேருந்து இன்னொரு கை. லேடீஸ் சீட்டு மொத்தமும் அன்னிக்கு சாயங்காலக் கொழம்புக்கு வழி பண்ணிக்கிச்சு. சார் முன்னாடி ஸ்கூட்டர்ல போறாரு, அவருக்கு ஒண்ணும் தெரியல. ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒரு பஸ்ஸு.

தார்நாகா வந்து எறக்குனா, கோணிப்பைக்கு மேல ஒரு குச்சி நிக்குது. சார் அதைச் சுத்திச் சுத்தி வர்றாரு. நான் தலையைக் குனிஞ்சிக்கிட்டேன். அவரு வீட்டம்மாதான் வந்து பாத்துட்டு நிதானமா சொன்னாங்க: "விடுப்பா. எங்க வீட்டுக்காரரு மாதிரியே ஆயிடுச்சு. வேரு கெட்டியா இருக்கு, தலையிலதான் ஒண்ணுமில்ல."

கேட்டைக் காணோம்

அன்னிக்கு வீட்டுக்கு வந்தா எங்க காம்பவுண்டு கேட்டைக் காணோம். திருட்டு இல்ல. பில்டரோட மேஸ்திரி நர்சிம்லு கழட்டி வச்சிருக்கான். நல்ல மனுசன். எதைக் கழட்டுனாலும் சொல்லிட்டுத்தான் கழட்டுவான். மறுநாளு மதில் சுவரு போச்சு. அதுக்கப்புறம் மாடிப்படி கைப்பிடி போச்சு. பாத்ரூம் கதவுல கைய வச்சப்ப எட்டாங்கிளாஸ் படிக்கிற எம்பொண்ணு கவிதா, துண்டும் கையுமா குறுக்க நின்னுட்டா. அதனால அது மட்டும் தப்பிச்சுச்சு.

செல்விக்குக் கோவமில்லன்னா என்னை 'ஏங்க'ம்பா. கோவம்னா 'யோவ்'. சத்தமே வரலன்னா நான் போய் லாரிக்குள்ள உக்காந்துப்பேன். அன்னிக்கு 'யோவ்'. "ஊருக்கெல்லாம் வீடு மாத்துற, நம்ம வீடு தானா நடந்து போயிக்கிட்டிருக்குது பாரு"ன்னா. நான் நர்சிம்லுகிட்ட போயி, குடும்பம் இருக்குற வீடுய்யா, கொஞ்சம் பாத்து செய்யின்னு கெஞ்சுனேன். அவன் கவலைப்படாதன்னு என் தோளைத் தட்டிக் கொடுத்தான்: "பரேஷான் ஆவாத அண்ணா. உன் ஜன்னலு வர்ற வாரம்தான்."

உடையற சாமான்

அடுத்த நல்ல நாளு கோயம்புத்தூர்க்காரங்க, சின்ன வயசு, கைக்கொழந்த. அமீர்பேட்லேருந்து கொண்டாபூரு. புருஷன் சாஃப்ட்வேரு. நாங்க காலங்காத்தால போறப்பவே அவரு நடு ஹால்ல ஒரு நாற்காலியில, மடியில லேப்டாப்பு, காதுல மிஷினு, அமெரிக்காவோட பேசிக்கிட்டிருக்காரு. எங்களைப் பாத்து கையால 'நீங்க நடத்துங்க'ன்னு காட்டினாரு. நடத்தினோம். சோபா போச்சு, டிவி போச்சு, ஃபேனு போச்சு. கடைசியில மொட்டை ஹால்ல அவரும் நாற்காலியும்தான். முகத்துல வேர்வை ஊத்துது, வாயி மட்டும் நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்ங்குது.

என்கிட்ட லோடு தூக்குற யாதகிரிக்கு பொறுமை கெடையாது. நாற்காலியும் நம்ம லோடுதானன்னு பின்னாடி போயி மெதுவா ஒரு சாய்ப்பு சாய்ச்சான். சார் பேச்சை விடாமயே எழுந்து, பேசிக்கிட்டே படி எறங்கி, பேசிக்கிட்டே லாரியில பின்னாடி ஏறி, மெத்தை மேல உக்காந்துட்டாரு. அவரு வேலை போயிடுமோன்னு அவருக்கு பயம், மனுசன் மெத்தையோட சரிஞ்சிடுவாரோன்னு எனக்கு பயம். கொழந்தையை இடுப்புல வச்சிக்கிட்டு அந்தப் பொண்ணு வந்து எட்டிப் பாத்துச்சு. "அதுவும் உடையற சாமானுங்கண்ணா. நிமித்தியே வையுங்க."

அடியில போன அடுப்பு

வீடு மாத்துறதுல முக்கியமான சாமான் பீரோ இல்ல, ஃப்ரிட்ஜு இல்ல. அடுப்பு. புது வீட்டுல பால் பொங்குற வரைக்கும் வீட்டுல இருக்குற பொம்பளைங்க யாரும் மூச்சு விட மாட்டாங்க. அதனால அடுப்பு கடைசியா ஏறணும், மொதல்ல எறங்கணும். இது எனக்குத் தெரியாதா. தெரிஞ்சும் அன்னிக்கு செல்வி போன் மேல போன். ஜன்னலைக் கழட்ட அளவு எடுக்கிறாங்களாம். நான் பாதி காது அங்க, பாதி காது இங்கன்னு நின்னதுல, அடுப்பு மொத ஆளா ஏறி, அது மேல ஒரு குடும்பமே ஏறிப்போச்சு.

தெலுங்குக்காரங்க வீடு. எறங்குற எடம் எங்களுக்குன்னு பேசி வச்ச அதே ஹப்சிகுடா சந்து. நேரம் ஓடுது, ராகு காலம் வருது, அடுப்பு எங்கியோ அடியில கெடக்குது. அந்த வீட்டு மாமியாரு ரோட்டுல கட்டில் போட்டு உக்காந்து, சொம்புல பாலை வச்சிக்கிட்டு என்னையே பாக்குது. ஒரு வார்த்தை திட்டியிருந்தா கூட நல்லா இருந்திருக்கும். அப்பத்தான் முனையில டீக்கடை வச்சிருந்த பாஷா பாய், எரிஞ்சிக்கிட்டிருந்த பம்ப் அடுப்பை அப்படியே தூக்கிட்டு ரெண்டாவது மாடி ஏறிட்டாரு. பின்னாடியே அவரு டீ போடுற அலுமினியச் சட்டி, டேக்சாம்பாங்க, அதுவும். பாலை ஊத்தி எல்லாரும் கை கூப்பி நின்னோம். பொங்கி வழிஞ்சுச்சு. மாமியாரு கண்ணுல தண்ணி.

டீத்தூளை இந்த ஊருல பத்தின்னுவாங்க. ஹவ்னா ஆமா, நக்கோனா வேணாம். பாஷா பாய்க்குக் கையி பழக்கம், டப்பாவைத் தெறந்துட்டாரு. "பொங்கிருச்சும்மா. பத்தி போடவா, நக்கோவா?"

புதுச் சட்டம்

அந்த மாமியாரு பாத்த பார்வை என்னை விட்டுப் போவல. அதோட ஒரு சட்டம் போட்டேன். இனிமே எந்த வீடா இருந்தாலும் அடுப்பு, சின்ன சிலிண்டரு, பால் சட்டி மூணும் லாரியில பின்னாடி ஏறக் கூடாது. முன்னாடி, என் சீட்டுக்குப் பின்னாடி. வண்டி நின்னவுடனே யாரையும் கேக்காம அந்த மூணையும் எடுத்துட்டுப் போயி நேரா சமையக்கட்டுல வைக்கணும். அப்புறம்தான் மத்ததுல கை வைக்கணும்.

யாதகிரிக்கு ஒண்ணை ஒரு தடவ சொன்னா மண்டையில ஏறாது. அதனால மூணு தடவ சொன்னேன். ஏறிச்சான்னு திருப்பிச் சொல்லச் சொன்னேன். பீடியை அணைச்சிட்டு சத்தியம் பண்ற மாதிரி சொன்னான்: "ஹவ் அண்ணா. சீட்டுக்குப் பின்னாடி எது இருந்தாலும் மொதல்ல சமையக்கட்டு. நீங்களே அங்க படுத்திருந்தாலும் தூக்கிட்டுப் போயிருவேன்."

மூட்டைக்குள்ள ஒரு வீடு

இதுக்கு நடுவுல செல்வி எங்க வீட்டைக் கட்டி வச்சிட்டா. நான் வந்து கட்டுறேன், என் தொழிலு அதுன்னேன். நீ வர்றதுக்குள்ள நர்சிம்லு என்னையே கழட்டிருவான்னு அவளே கட்டிட்டா. கரண்டி மூட்டைக்குள்ள, சீப்பு மூட்டைக்குள்ள, எது எந்த மூட்டைன்னு கேக்கக் கூடாது. உப்புமாவைத் தட்டு இல்லாம கிண்ண மூடியில தின்னோம். கவிதா ஸ்கூல் ஷூவுல ஒத்தை மட்டும் வெளிய இருந்துச்சு. வீட்டுல ஜன்னல் இருந்த எடத்துல பொடவை தொங்குது. காத்து அடிச்சா வீடே மூச்சு விடுற மாதிரி இருக்கும். ராத்திரியில செல்விக்குத் தூக்கம் கெடையாது, தெருவுல நாய் போனாக் கூட எழுந்து உக்காந்துக்குவா.

ஒரே ஒரு எவர்சில்வர் சட்டியை மட்டும் மூட்டையில போடாம கையிலயே வச்சிருந்தா. கல்யாணத்துக்கு அவ அத்தை கொடுத்தது. 'செல்விக்கு அன்புடன்'னு பேரு வெட்டியிருக்கும். கீழ கொடுத்தவங்க பேரு, புளி போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு போயிருச்சு. பொங்குனா இதுலதான் பால் பொங்கணும்னுட்டா.

எல்லா நல்ல நாளும் போயி, அமாவாசை மத்தியானம் பொறக்குதுன்னு ஒரு நாளு, அந்தக் காலை மட்டும்தான் மிச்சம். அன்னிக்கும் விடியக்கால ஒரு பார்ட்டிக்கு ஒத்துக்கிட்டேன்னு சொன்னேன். செல்வி 'ஏங்க'வும் சொல்லல, 'யோவ்'வும் சொல்லல. நான் லாரிக்குக் கெளம்பினேன். கவிதாதான் பின்னாடியே வந்தா. நாம தமிழ்ல பேசுனா அது தெலுங்குல பதில் சொல்லும். "டாடி, வேரே லாரி மாட்லாடுதாமா?" வேற லாரி பேசலாமான்னு கேக்குது, என் பொண்ணு, என்னைப் பாத்து.

யாரு அந்த செல்வி

ஏன் ஒத்துக்கிட்டேன்னா, அந்த சாரு நம்ம தமிழ் ஆளு, டிஃபென்ஸ் ஆபீசுல வேலை. மல்லாபூரு பக்கத்துலேருந்து கொண்டாபூருக்குப் போறாரு. அவருக்கும் அதே அமாவாசை, அங்கயும் ஒரு அனசூயம்மா. போன்ல மனுசன் கெஞ்சுனாரு. என் கொரலையே நான் கேட்ட மாதிரி இருந்துச்சு. கணக்கு சுளுவுதான். அவங்களுக்குக் காலையில நேரம், நமக்கு மத்தியானத்துக்குள்ள. அங்க எறக்கிட்டு காலி வண்டியில நேரா ஹப்சிகுடா. செல்வியும் கவிதாவும் பாலு, பூவு, வெளக்கோட ஆட்டோவுல வந்துருவாங்க. அடுப்பை எதுக்கு ஆட்டோவுல சொமக்கணும்னு அடுப்பு, சின்ன சிலிண்டரு, அத்தை சட்டி மூணையும் விடியக்காலயே வண்டியில ஏத்திட்டேன். எங்கன்னு கேக்குறீங்களா. பத்திரமான எடம் அது ஒண்ணுதான. சீட்டுக்குப் பின்னாடி.

யாதகிரி நேரா சாரு வீட்டுக்கு வந்தான். சீட்டுக்குப் பின்னாடி எட்டிப் பாத்தான். அண்ணனே அடுப்பை ஏத்திட்டாருன்னு நெனைச்சிக்கிட்டு, சமையக்கட்டுல இருந்த இன்னொரு அடுப்பை, பழசு போலன்னு அடியில போட்டு மேல மெத்தையைப் போட்டுட்டான். கொண்டாபூர்ல வாட்ச்மேன் லாரி உள்ள வரக் கூடாது, லிஃப்ட்ல சாமான் ஏறக் கூடாதுன்னு மடக்கிட்டான். நான் கீழ அவனோட மல்லுக்கட்டிக்கிட்டிருந்த நேரத்துல, யாதகிரி என் சட்டத்தை அச்சுப் பெசகாம நடத்தி முடிச்சிட்டான். சாரு சிலிண்டரை மாட்டிப் பத்த வச்சிட்டாரு. சமையக்கட்டுப் பக்கம் போயி பழக்கமில்லாத மனுசன், தன் வீட்டு அடுப்பு எதுன்னு அவருக்கு எப்படித் தெரியும். அந்தம்மா சாமி படத்தை நெஞ்சுல அணைச்சிக்கிட்டு ஓடி வந்து, நேரம் தப்பிடப் போவுதேன்னு எதையும் பாக்காம பாலை ஊத்திட்டாங்க.

நான் மேல போனப்ப பால் பொங்கி முடிஞ்சு எல்லாரும் சிரிச்ச முகமா இருக்காங்க. எனக்கும் ஒரு டம்ளரு கொடுத்தாங்க. குடிச்சேன். நல்லா இருந்துச்சு. பாதி டம்ளர்ல, அந்தம்மா வழிஞ்ச பாலைத் தொடைக்கிறதுக்குச் சட்டியைத் திருப்புனாங்க. குனிஞ்சு பாத்தாங்க. எழுத்து மேல வெரலை வச்சு ஒரு தடவ படிச்சாங்க. அப்புறம் புருஷனை நிமிந்து பாத்தாங்க. "ஏங்க. யாரு அந்த செல்வி?"

பத்தி போடவா

"என் பொண்டாட்டிங்க"ன்னேன். சாருக்குப் போன உசுரு வந்துச்சு, எனக்குப் போயிருச்சு. விவரம் சொன்னதும் அந்தம்மா தலையில கைய வச்சிட்டாங்க. அவங்க புது வீட்டுல வேற வீட்டு சட்டியில பால் பொங்கிடுச்சேன்னு அவங்களுக்கு ஒரு பயம். அதுக்கு மேல இன்னொண்ணு சொன்னாங்க. மொதப் பால் பொங்குன சட்டி, அதுலயே பொங்கலும் வெந்து எறங்குற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாதாம். அடுப்புல சக்கரப் பொங்கலுக்கு அரிசி ஏறிடுச்சு. சாமானை எறக்குற வேலையை யாதகிரிகிட்ட விட்டுட்டு, வாசல்ல நின்ன ஆட்டோவுல ஏறி உக்காந்தேன். செல்விக்கு போன் போட்டு, அடுப்பும் சட்டியும் இங்க மாட்டிக்கிச்சுன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. உங்களுக்குத்தான் தெரியுமே, சத்தம் வரலன்னா என்னான்னு. லைன் கட்டாயிருச்சு.

அமீர்பேட்ல ட்ராஃபிக்கு. கோச்சிங் கிளாஸ் பசங்க ரோட்டை அடைச்சிக்கிட்டுப் போறானுங்க. திரும்பத் திரும்ப போன் போடறேன், மணி அடிக்குது, எடுக்க மாட்டேங்கிறா. வெயில் தலைக்கு நேரா வந்துக்கிட்டிருக்குது. ஜன்னல் இல்லாத வீடும், வாசல்ல நிக்கிற அனசூயம்மாவும், கேட்டுட்டுப் போன அந்த ரெண்டு பேரும் கண்ணு முன்னாடியே நிக்கிறாங்க. ஆவணி வரைக்கும் குடும்பத்தை லாரியில வச்சிக்கிட்டு எந்த மரத்தடியில நிறுத்துறதுன்னு யோசிக்க ஆரம்பிச்சிட்டேன். பேட்டரி தீர்ற வரைக்கும் அடிச்சேன். அவ எடுக்கல.

ஹப்சிகுடா சந்துல ஓடுனேன். முனையில டீக்கடை இருந்த எடத்துல பெஞ்சு மட்டும் கெடக்குது. மாடிப்படி ஏறும்போதே ஏலக்கா வாசனை. மேல போனா, மொட்டை ஹாலு நடுவுல பம்ப் அடுப்பு புஸ்ஸுன்னு எரியுது. பாஷா பாய் குந்தி உக்காந்து டேக்சாவுல டீ ஆத்துறாரு. அனசூயம்மா பிளாஸ்டிக் சேர்ல கையில கிளாஸோட. கவிதா பன்னு தின்னுக்கிட்டிருக்கா. சுவரு ஓரமா வெளக்கு எரியுது. ஒரு நாளு நான் சொல்லிச் சிரிச்ச டீக்கடைக் கதையைக் கேட்டுக்கிட்டிருந்த பொண்ணு, இன்னிக்கு முனைக்கு ஓடிப் போயி அவரை அடுப்போட கூட்டியாந்திருக்கு. புருஷன் இல்லாம எப்படின்னு அனசூயம்மா தடுத்தாங்களாம். அந்த நேரம் பாத்து நான் போட்ட போனு செல்வி கையில அடிச்சிருக்கு. செல்வி அதை எடுக்காம, அடிக்க அடிக்க அடுப்புப் பக்கத்துல வச்சு, "அதோ கூப்பிடுறாரு பாருங்க, அவருதான். அவரு இருக்கும்போதே பொங்கட்டும்"னுட்டாளாம். அனசூயம்மா போனுக்கும் ஒரு பொட்டு குங்குமம் வச்சிருக்காங்க. நான் அமீர்பேட்ல நின்னு அடிச்ச மணியிலதான் எங்க பாலு பொங்கியிருக்கு.

அப்புறம் பாஷா பாய் வழக்கமா கேக்குறதைக் கேட்டிருக்காரு. இத்தனை வருசம் இந்த ஊருல இருந்தும் இந்த ஊரு பாஷையில ஒரு வார்த்தை பேசாத என் பொண்டாட்டி, 'ஹவ்'னுட்டாளாம்.

நான் வாசப்படியிலயே நின்னேன். என்னா வரும்னு தெரியல, யோவா, ஏங்கவா. செல்வி ஒரு கிளாஸ் டீயைக் கொண்டாந்து கையில கொடுத்தா. "குடிச்சிட்டுக் கெளம்புங்க. கொண்டாபூர்லயும் நமக்கு ஒரு வீடு அமைஞ்சிடுச்சு போல. அங்கேருந்து என் சட்டியைக் காலி பண்ணிக்கிட்டு வாங்க."

இப்பவும் வீடு மாத்தணும்னு கூப்பிடுறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான்: பீரோ, டிவி, கட்டின புருஷன் எல்லாத்தையும் நம்பி என்கிட்ட விடுங்க, அடுப்பை மட்டும் உங்க மடியில வச்சிக்கிட்டு ஆட்டோவுல வந்துருங்க.